அறுந்த வாரும் பாய்ந்த குதிரையும்: பழைய படத்தாள்கள் பற்றிய வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், விக்டோரியா காலத்து ஆங்கில வார இதழ்களில் வந்த மரச்செதுக்குப் படங்களைப் பற்றிச் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தோம். வீட்டிலோ பாடசாலையிலோ அப்படியான தாள் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே படத்தைச் சுற்றியே இருந்தன. ஆகையால் இம்முறை அந்தப் படத்துக்கே இடம் கொடுக்கிறோம்.

கேள்வி: எங்கள் பாடசாலை நூலக அலுமாரியில் பெரிய தாள் ஒன்று கிடக்கிறது. ஓடுகிற குதிரையின் பக்கவாட்டில் இளம் அதிகாரி ஒருவர் தொங்குகிறார். பின்னால் உயர்ந்த பயிருக்குள்ளிருந்து கேடயமும் ஈட்டியுமாக ஆட்கள் வருகிறார்கள். கீழேயிருந்த ஆங்கில வரியை யாரோ வெட்டிவிட்டார்கள். விக்டோரியா மகாராணியின் மகன் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். சரியா? (ஆசிரியை, ஒட்டுசுட்டான்)

பதில்: சரியல்ல, ரீச்சர். நீங்கள் சொல்கிற அடையாளங்கள் எல்லாம் ஒருவரையே காட்டுகின்றன. அவர் பிரான்சின் கடைசிப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஒரே மகன், இளவரசர் லூயி நெப்போலியன். 1856 மார்ச் 16 இல் பரிசில் பிறந்தவர். 1870 இல் தகப்பன் அரசை இழந்தபின் குடும்பம் இங்கிலாந்தில் சிசல்ஹேர்ஸ்ட் என்ற ஊரில் தஞ்சம் புகுந்தது. மகன் வுல்விச் இராணுவக் கல்லூரியில் படித்து 1875 இல் வெளியேறினார். குதிரையேற்றத்திலும் வாள்வீச்சிலும் தன் அணியில் முதலாவது அவர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தவர் குதிரையேறத் தெரியாதவர் அல்ல.

1879 ஜனவரியில் இசண்டல்வானாவில் சூலு மக்களிடம் பிரித்தானியப் படை பெருந்தோல்வி கண்டது. அதன்பின் அனுப்பப்பட்ட துணைப்படைகளோடு, போரைப் பார்க்கவென்று அவரும் தென்னாபிரிக்கா போனார். யூன் 1, ஞாயிற்றுக்கிழமை, லெப்டினன்ட் கேரியும் ஆறு குதிரை வீரரும் ஒரு சூலு வழிகாட்டியும் சேர்ந்த சிறு குழுவோடு நிலம் பார்க்கப் போனார். ஆளில்லாத குடியிருப்பொன்றில் சேணம் கழற்றி இளைப்பாறினார்கள். பின்னேரம் நாலு மணியளவில் மறுபடி சேணம் பூட்டி ஏற ஆயத்தமாகும் நேரத்தில், பயிருக்குள்ளிருந்து வெடி கிளம்பியது. குதிரைகள் மிரண்டன. மற்றவர்களில் பெரும்பாலானோர் ஏறிவிட்டார்கள். இளவரசரின் சாம்பல் நிறக் குதிரை பெர்சி அவர் ஏறுமுன்னே பாய்ந்தது. சேணத்தின் முன்புறத்துத் துப்பாக்கி உறையைப் பிடித்தபடி ஏறத்தாழ நூறு யார் தூரம் இழுபட்டார். அதன் வார் அறுந்தது. விழுந்தபோது வலக்கையைக் குதிரை மிதித்துவிட்டது. எழுந்து, இடக்கையால் சுழல்துப்பாக்கி எடுத்து எதிர்த்து நின்றார். மறுநாள் உடல் கிடைத்தபோது 17 ஈட்டிக் காயங்கள் எண்ணப்பட்டன, எல்லாம் உடலின் முன்பக்கத்தில். வயது 23. அவரோடு இரண்டு வீரரும் வழிகாட்டியும் இறந்தார்கள். வழிகாட்டியைப் பெரும்பாலான படங்கள் காட்டுவதேயில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் தோல் வேலை செய்கிறவன். ஒரு ஆளின் பாரத்தில் சேண வார் அறுமா? வேலையில் பிழையா, பிடித்த இடத்தில் பிழையா? (வவுனியா)

பதில்: இரண்டிலும்தான். ஆனால் பிடித்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

குதிரையில் ஏறுகிறவர் இடப்பக்கம் நிற்பார். இடக்கை கடிவாள வாரையும் பிடரிமயிரையும் சேர்த்துப் பிடிக்கும். இடக்கால் அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்தில். வலக்கை சேணத்தின் பின்மேட்டில். இந்த மூன்று இடமும் பாரம் தாங்கவென்றே இருப்பவை. அங்கவடியின் வார் சேணத்தின் மரச்சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கும். சேணம் முழுவதையும் வயிற்றுவார் குதிரையோடு இறுக்கிக் கட்டியிருக்கும். துப்பாக்கி உறை அப்படியல்ல. முன்மேட்டின் இருபுறமும் தொங்கும் இரண்டு உறைகளை ஒரு குறுக்கு வார் இணைக்கும். அந்த வாருக்குள்ள வேலை உறைகள் ஆடாமல் பார்ப்பது மட்டுமே. நம்மூர்க் கணக்கில் சொன்னால், ஓடுகிற வண்டியில் பூட்டாங்கயிற்றைப் பிடித்துத் தொங்கி ஏறப் பார்த்தது போல. கயிறு நல்ல கயிறாக இருக்கலாம். அதைப் போட்டது மாட்டை நுகத்தோடு சேர்க்க, ஆளைத் தூக்க அல்ல.

அங்கவடியில் கால் வைக்காமலே தாவி ஏறுவது இளவரசருக்குக் கைவந்த வித்தை என்று பெயர். நிற்கிற குதிரையில் அது அழகு. பாய்கிற குதிரையில் தரையில் ஊன்றி உந்தக் காலுக்கு நேரம் கிடையாது. முழுப் பாரமும் கைக்கு வந்துவிடும். அதுவும் அசையாத பாரமல்ல. குதிரையின் ஒவ்வொரு பாய்ச்சலிலும் வெட்டி இழுக்கிற பாரம்.

இனித் தோல். அறுந்த வார் தரமற்றது என்ற பேச்சு அப்போதே எழுந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான்: மேல்தோலை உரித்தெடுத்தபின் மிஞ்சும் உட்படையையும் மினுக்கி வழவழப்பாக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இழையின் பலம் இருக்காது. நல்ல தோலும் வியர்வை உப்பில் ஊறி வெயிலில் காய்ந்து, மீண்டும் ஊறிக் காய்ந்தால் மடிப்பில் வெடிக்கும். தையலை மிக நெருக்கிப் போட்டால் முத்திரைத் தாளின் துளைபோலக் கிழிய வழி கொடுக்கும். கனமான வாருக்கு அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் போதும். பழைய வாரைச் சோதிக்க, கொளுக்கித் துளை இருக்கும் இடத்தில் வெளிப்பக்கமாக மடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலோ, விரலில் செந்தூள் ஒட்டினாலோ, எண்ணெய் பூசி அதைக் காப்பாற்ற முடியாது. மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: அந்த இடத்தில் படம் கீறுகிறவர் யாராவது நின்றாரா? படத்தை நம்பலாமா? (துணுக்காய்)

பதில்: விழுந்த கணத்தில் எந்தச் சித்திரக்காரரும் அங்கே இல்லை. இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் இதழின் போர்ச் சித்திரக்காரர் மெல்டன் பிரையர் அந்த நாட்டில் இருந்தார். மறுநாள் உடலைத் தேடிப் போனவர்களோடு அவரும் போனார். ஆகவே உடல் கண்டெடுத்த காட்சிக்கும் அந்த இடத்தின் தோற்றத்துக்கும் கண்ணால் கண்ட சாட்சி உண்டு. விழுகிற காட்சி தப்பி வந்தவர்களின் வாக்குமூலத்திலிருந்து கட்டியது. தப்பி வந்தவர்களோ முன்னே பார்த்து ஓடியவர்கள்.

தாளின் திகதி இதில் மிகப் பெரிய துணை. 1879 யூனில் தென்னாபிரிக்காவுக்கும் இலண்டனுக்கும் இடையே நேரடித் தந்திக் கம்பி இல்லை. செய்தி கேப் துறைமுகத்திலிருந்து கப்பலில் மதீராத் தீவு வரை போய், அங்கிருந்துதான் தந்தியில் ஏறியது. இலண்டனுக்குத் தெரிந்தது யூன் 19, வியாழக்கிழமை. தந்தியில் சொல் போகும், படம் போகாது. கையால் கீறிய தாள் சூலு நாட்டிலிருந்து கரைக்கு வந்து, பின் கடலில் ஏறத்தாழ மூன்று கிழமை பயணம் செய்ய வேண்டும். இந்த இதழ்கள் சனிக்கிழமை திகதியிட்டு வந்தன. யூன் 21, 28 திகதியிட்ட தாளில் அந்தக் காட்சி இருந்தால், அது இலண்டன் மேசையில் தந்தியை வாசித்துக் கீறியது. களத்திலிருந்து வந்த படத்தை யூலை நடுப்பகுதிக்குப் பிந்திய தாள்களில் தேடுங்கள். இறுதி ஊர்வலம் யூலை 12 இல் சிசல்ஹேர்ஸ்டில் நடந்தது. அந்தப் படங்கள் உள்ளூரிலேயே கீறப்பட்டவை. ஆகவே, நடந்த ஒழுங்கில்தான் படங்களும் வந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

திகதி வெட்டுப்பட்ட தாளானால் பக்க எண்ணைப் பாருங்கள். இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் அரையாண்டுக்கு ஒரு தொகுதியாக எண்ணப்பட்டது. 1879 இன் முதல் பாதி 74 ஆம் தொகுதி, இரண்டாம் பாதி 75 ஆம் தொகுதி. யூலை முதல் இதழில் பக்க எண் மறுபடி 1 இலிருந்து தொடங்கும். எனவே 500, 600 என்று பெரிய எண் இருந்தால் யூன், சிறிய எண் இருந்தால் யூலை. தாளின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். அங்கே வந்த நாடக விளம்பரமோ பாராளுமன்றச் செய்தியோ திகதியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: எங்களிடம் உள்ள படத்தில் மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. தாள் மடிந்த தழும்பா? (மாங்குளம்)

பதில்: விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மடிப்பென்றால் மேடு பள்ளம் தட்டும். மை மட்டும் விலகித் தாள் சமமாக இருந்தால், அது மரத்துண்டுகளின் மூட்டு.

அக்காலப் படம் பொக்ஸ்வூட் என்ற மிக இறுகிய மரத்தில் செதுக்கப்பட்டது. பலகையின் நீளவாட்டில் அல்ல, மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில். அப்போதுதான் மயிரளவு கோடும் நார் பிய்யாமல் நிற்கும். மரமோ ஒல்லியானது. அரை அடி அகலத் துண்டு கிடைப்பதே அரிது. ஆகவே சிறு சதுரத் துண்டுகளை அடுக்கி, பின்பக்கம் போல்ட் போட்டு இறுக்கிப் பெரிய பலகையாக்கினார்கள். முகத்தை வெள்ளைப் பூச்சால் வெளுக்கச் செய்து, இடம் வலம் மாற்றிப் படத்தை அதில் கீறினார்கள். மூட்டைத் தாண்டுகிற கோடுகளைத் தலைமைச் செதுக்குநர் முதலில் செதுக்கிவிடுவார். பிறகு போல்ட்டைக் கழற்றி ஆளுக்கொரு துண்டாகக் கொடுப்பார்கள். ஒருவர் வானம், ஒருவர் குதிரை, ஒருவர் புல் என்று இராமுழுக்க வேலை நடக்கும். விடிய மறுபடி பூட்டுவார்கள். பல நாள் வேலை ஓரிரவில் முடிகிற சூட்சுமம் இதுதான்.

பூட்டும்போது துளி இடைவெளி விட்டாலும் அது மை ஏறாத வெள்ளைக் கோடாக விழும். பலகையிலிருந்து மின்முலாம் முறையில் செப்புத் தகடு வார்த்து, அதைக் கொண்டே அச்சிட்டார்கள். தகட்டிலும் அந்தக் கோடு அப்படியே வரும். உங்கள் தாளில் கோடுகளை எண்ணினால் எத்தனை துண்டு என்று தெரியும். ஒரு துண்டில் கோடுகள் நெருக்கமாகவும் பக்கத்துத் துண்டில் ஐதாகவும் இருந்தால், இரண்டு கை வேலை செய்திருக்கிறது. இந்தப் படங்களில் எமக்கு மிகவும் பிடித்த இடம் இது. பெயர் தெரியாத செதுக்குநரின் கைவாகு அங்கேதான் நிற்கிறது.

கேள்வி: குதிரை முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களை பின்னும் நீட்டிப் பறக்கிறதே. குதிரை அப்படி ஓடுமா? (மாணவன், முல்லைத்தீவு)

பதில்: ஓடாது, தம்பி. நாலு காலும் நிலத்தைவிட்டு எழும் கணம் உண்டு. ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் வயிற்றின் கீழே கூடியிருக்கும், நீட்டியிருக்காது. 1878 யூனில் கலிபோர்னியாவில் எட்வேர்ட் மைபிரிஜ் என்ற படப்பிடிப்பாளர் வரிசையாகக் கமராக்களை வைத்து, பாய்கிற குதிரையை அடுத்தடுத்துப் படம்பிடித்து அதைக் காட்டினார். நீ பார்க்கிற படம் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. சித்திரக்காரரின் கை பழைய வழக்கத்திலேயே ஓடியிருக்கிறது. வயல் வெளியில் வெருண்டு பாயும் மாட்டைத் தொலைபேசியில் மெதுவோட்டக் காணொளியாக எடுத்துப் பார். கால்கள் எப்போது கூடுகின்றன, எப்போது விரிகின்றன என்று நீயே குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: இடப்பெயர்வுகளில் தகரப் பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டு திரிந்த தாள். மடிப்பில் கிழிந்து, ஓரம் பழுத்து, ஒரு மூலையில் பூஞ்சணமும் பிடித்திருக்கிறது. லமினேற் பண்ணலாமா? (புதுக்குடியிருப்பு)

பதில்: தயவுசெய்து லமினேற் பண்ணாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளிலிருந்து பிரிக்க முடியாது. உள்ளே அமிலம் வேலை செய்துகொண்டேயிருக்கும். செலோரேப்பும் அப்படித்தான். சில ஆண்டில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், நாடா உதிர்ந்தாலும் கறை போகாது.

முதலில் பூஞ்சணம். மழை மாதங்களில் தொடவேண்டாம். மாசி, பங்குனி போல ஈரம் குறைந்த நாளில், காற்றோட்டமுள்ள நிழலில், இரண்டு மைஒற்றுத் தாளுக்கு நடுவே வைத்து நன்றாக உலரவிடுங்கள். வெயிலில் போடாதீர்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சணம் தாளுக்குள் தேய்ந்துவிடும். காய்ந்து தூளானபின் வெளியே எடுத்துச் சென்று, முகக்கவசம் போட்டு, மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டுங்கள். சோளகம் வீசும் காலமென்றால் செம்புழுதி பறக்கும், அப்போது இந்த வேலை வேண்டாம். மீதமிருக்கும் பழுப்புப் புள்ளிகளை வெளுக்க முயலக் கூடாது. வெளுக்கும் மருந்து தாளின் இழையைத் தின்றுவிடும்.

கிழிசலுக்கு யப்பான் மெல்லிழைத் தாளும் கோதுமை மாச்சத்துப் பசையும்தான் வழி. வெறும் கோதுமை மாப் பசை கூடாது. அதிலுள்ள புரதம் இறுகித் தாளைச் சுருக்கும், இராமபாணப் பூச்சியையும் கூப்பிடும். மாச்சத்தை வீட்டிலேயே எடுக்கலாம். கால் கிலோ கோதுமை மாவைப் பிசைந்து ஒரு மணிநேரம் ஊறவிட்டு, துணியில் கட்டித் தண்ணீருக்குள் பிசையுங்கள். பால்போலத் தண்ணீர் இறங்கும். துணிக்குள் சவ்வுபோல மிஞ்சுவது புரதம், அதை எறியுங்கள். பால்நீரை இரவு முழுக்க அசையாமல் வைத்து, மேல்நீரை ஊற்றிவிட்டால் அடியில் வெண்மையான மாச்சத்து இருக்கும். காயவைத்து எடுங்கள். பசைக்கு ஒரு பங்கு மாச்சத்துக்கு நாலு பங்கு தண்ணீர். சிறு நெருப்பில் இருபது முதல் முப்பது நிமிடம் கைவிடாமல் கிண்டி, கண்ணாடிபோல ஆனதும் இறக்கி ஆறவிட்டு, வடியில் தேய்த்தெடுங்கள். பூசுகிற நேரம் தயிர்ப்பதத்துக்குத் தண்ணீர் சேர்க்கலாம். இரண்டு மூன்று நாளுக்குமேல் வைக்காதீர்கள்.

மெல்லிழைத் தாளைக் கத்தரியால் வெட்டாமல், ஈரக்கோடு போட்டுக் கையால் கிழித்து ஒரு சென்ரிமீற்றர் அகலப் பட்டியாக்குங்கள். பிய்ந்த இழைகள்தான் பிடிக்கும். படத்தின் பின்பக்கம் கிழிசலை நேராகச் சேர்த்து, பட்டியில் மெல்லப் பசை தடவி ஒட்டி, மேலும் கீழும் மைஒற்றுத் தாளும் மெழுகாத பொலியெஸ்டர் துணியும் வைத்துப் பாரம் ஏற்றுங்கள். பத்து நிமிடத்தில் மைஒற்றுத் தாளை ஒருமுறை மாற்றி, பிறகு ஒருநாள் விடுங்கள். பலரும் பிழைவிடுவது பசையைக் கூட்டித்தான். ஈரம் கூடினால் தாள் அலைபோல் நெளியும். மெல்லிழைத் தாள் கிடைக்காவிட்டால் ஒட்டாமலே, விரித்து, அமிலமில்லாத உறைக்குள் வையுங்கள். அவசரத்தில் ஒட்டியதைவிடக் கிழிந்தபடி இருப்பது நல்லது.

தகரப் பெட்டி கறையானுக்கு நல்லது, ஈரத்துக்குக் கெட்டது. பகல் சூடும் இரவுக் குளிரும் மாறும்போது உட்சுவர் வியர்க்கும். கஞ்சி போடாத வெள்ளைத் துணியில் சுற்றி, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல்லின் மேல் வையுங்கள். பச்சை வேப்பிலை வைக்காதீர்கள், ஈரமும் கறையும் வரும். இராமபாணம் ஏற்கெனவே இருந்தால், காற்றுப் புகாத பொலித்தீன் பையில் இட்டுக் கடுங்குளிர்ப் பெட்டியில் இரண்டு கிழமை வைத்து, வெளியே எடுத்தபின் ஒருநாள் பையைத் திறக்காமல் விடுங்கள்.

கேள்வி: இதே படம் நிறம் தீட்டியதாக ஒருவர் விலை சொல்கிறார். மூலமா? (கிளிநொச்சி)

பதில்: அந்த வார இதழ்களின் வழக்கமான பக்கங்கள் கறுப்பு மையில்தான் வந்தன. நிறம் பெரும்பாலும் பின்னாளில் விற்பனைக்காகக் கையால் தீட்டியது. தாள் பழையதா என்பது வேறு கேள்வி. பத்து மடங்கு பெரிதாக்கும் வில்லையால் பாருங்கள். கோடுகள் அறாத திடமான கறுப்பாக இருந்தால் மரச்செதுக்கு. சிறு புள்ளிகளின் கூட்டமாக உடைந்தால், அது பின்னாளில் புகைப்பட முறையில் எடுத்த பிரதி. பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் யோசியுங்கள். பெரும்பாலான பக்கங்களின் பின்னே அச்சு இருக்கும்.

கேள்வி: படத்தைப் பாடசாலைச் சுவரில் மாட்டப் போகிறோம். கீழே என்ன எழுதலாம்? (அதே ஒட்டுசுட்டான் ஆசிரியை, இரண்டாவது கடிதத்தில்)

பதில்: மாட்டுமுன் இரண்டு சொல். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. நடுவே 4 மில்லிமீற்றர் தடிப்பான அட்டைச் சட்டம் வையுங்கள். பின்னால் ஹார்ட்போர்ட்டோ ஒட்டுப்பலகையோ வேண்டாம், அவற்றின் அமிலம் தாளுக்கு இறங்கும். மழைச்சாரல் படும் வெளிச்சுவரையும் யன்னலுக்கு எதிர்ச்சுவரையும் தவிருங்கள். முடியுமென்றால் மூலத்தை உறையில் வைத்து, ஸ்கான் பிரதியை மாட்டுங்கள். ஸ்கான் எடுக்கும்போது தாளின் பின்னே கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியாது.

கீழே இப்படி எழுதலாம்: “பிரான்சின் இளவரசர் லூயி நெப்போலியன் குதிரையில் ஏற முயன்று விழுதல். சூலு நாடு, 1879 யூன் 1. அவரோடு இரண்டு குதிரை வீரரும் ஒரு சூலு வழிகாட்டியும் இறந்தனர். மரச்செதுக்கு அச்சு. இந்தக் கணத்தைக் கீறியவர் அதை நேரில் காணவில்லை.” தாளின் திகதியைக் கண்டுபிடித்தால் அதையும் சேர்த்து, பின்பக்கம் எழுதுவதானால் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.